பலகைக்கு அடியில்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கண் எரிச்சல் குறைந்ததா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை. புது இடத்துத் தண்ணீர் மட்டும் இன்னும் வயிற்றுக்குப் பழகவில்லை.

போனில் பேசினால் நமக்குள் இரண்டாவது நிமிடம் சண்டை வருகிறது, மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். கடிதத்தில் அது நடக்காது. நீ கடைசி வரி வரை படித்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் இனி எழுதிக்கொள்வோம் என்றேன்.

வந்த மறுநாள் சைட் ஆபீசுக்குப் போனேன். சுவர் நிறைய வரைபடங்கள். ஒவ்வொன்றிலும் கீழ் மூலையில் "வரைந்தவர்" என்ற கட்டத்தில் உன் கையெழுத்து. பள்ளிக்கூட நாளில் என் மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தவள் நீ. உன் கை எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு மாடி அக்கா. வீட்டில் என்னை ஏவியது போதாதென்று, இங்கேயும் நீ சொன்ன இடத்தில்தான் ஆணி அடிக்க வேண்டியிருக்கிறது.

இங்கே நான் சென்ட்ரிங் மேஸ்திரி. பலகை அடித்து, அதன்மேல் கான்கிரீட் போட்டு, காய்ந்ததும் பலகையைப் பிரிக்கிற கூட்டத்துக்குத் தலை. பதினெட்டுப் பேர். அதில் ஒருவனை எல்லோரும் ரேடியோ என்கிறார்கள். காலையில் பூட்ஸ் மாட்டும்போது வாயைத் திறந்தால் கழற்றும்போதுதான் மூடுவான். "அண்ணே, ஆணியைப் பத்தி ஒண்ணு சொல்லட்டுமா?" என்பான். "வேணாம்டா" என்றாலும் சொல்வான். ஆனால் வேலை சுத்தம்.

அம்மாவிடம் நான் நேரத்துக்குச் சாப்பிடுவதாகச் சொல்.

உன் தம்பி

—

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறேன். அம்மாவின் முழங்காலுக்கு மருந்தைவிடப் புலம்பல்தான் நன்றாக வேலை செய்கிறது. தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

உன் கடிதத்தை அம்மா என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மேலே ஏறி வேலை செய்கிறாய் என்பது தெரியக்கூடாது என்பதற்காக இருபத்திரண்டு மாடியை இரண்டு மாடியாக்கினேன். "ரெண்டு மாடிக்கு எதுக்குடி பதினெட்டுப் பேரு?" என்றார். பெரிய கூடம் என்று சொல்லிவைத்தேன்.

நீ என் தம்பி என்பதை அங்கே யாரிடமும் சொல்லாதே. கட்டடத்தில் பிசகு வந்தால் வரைபடத்தைத் திட்டுவார்கள், வரைபடத்தில் பிசகு வந்தால் கட்டுகிறவனைத் திட்டுவார்கள். இரண்டு திட்டும் ஒரே குடும்பத்துக்கு வர வேண்டாம்.

எங்கள் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் கூட்டம். இந்த வாரம் தலைமைப் பொறியாளர் நாற்பது நிமிடம் ஒரு படிக்கட்டைப் பற்றிப் பேசினார். கடைசியில் பக்கத்து மேசைக்காரர், "சார், இந்தப் பில்டிங்ல லிஃப்ட் மட்டும்தான்" என்றார். பொறியாளர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப அடுத்த பில்டிங்குக்கு வெச்சுக்குங்க" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

—

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

வயிறு சரியாகிவிட்டது. உங்கள் இருவருடைய உடம்பு பற்றியும் எழுது.

இன்று கேலி இல்லை, ஒரு விஷயம் கேட்க வேண்டும். உன் வரைபடப்படி ஒவ்வொரு தளத்திலும் குழாய் இறங்க நாலு ஓட்டை விடுகிறோம். இரண்டடிக்கு மூன்றடி. ஆள் தாராளமாகப் போகிற அளவு. குழாய்க்காரர்கள் வர ஐந்தாறு மாதம் ஆகும். அதுவரை பிளைவுட் பலகை போட்டு மூடி வைக்கிறோம்.

எங்கள் தொழிலில் பலகைக்குத்தான் எப்போதும் பஞ்சம். ஒருவன் கண்ணில் பலகை பட்டால் அதை எடுப்பான். எடுக்கும்போது என்ன செய்வான் தெரியுமா? இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து நிமிர்த்தி, முன்னால் கதவு மாதிரி வைத்துக்கொண்டு ஓரடி எடுத்து வைப்பான். அந்த ஓரடி ஓட்டையில்தான் விழும். பலகை மறைப்பதால் தன் காலையே அவனால் பார்க்க முடியாது. போன வாரம் ஒருவன் இப்படி ஒரு காலை உள்ளே விட்டு, தொடை சிராய்ப்போடு தப்பினான். பலகைக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து, ஆணியும் அடித்திருக்கிறேன்.

நான் கேட்பது இதுதான். தளத்துக்குக் கட்டுகிற கம்பியை ஓட்டையின் விளிம்பில் ஏன் நிறுத்துகிறாய்? அப்படியே குறுக்கே ஓடவிடேன். கான்கிரீட் மட்டும் இல்லாமல் கம்பி வலை மாதிரி நிற்கும். குழாய் வருகிற அன்றைக்கு வெட்டிக்கொள்ளட்டும். பலகையை எவன் தூக்கினாலும் கீழே கம்பி இருக்கும். ஓட்டை விடுவதற்கு வைக்கிற மரப்பெட்டியில் கம்பிக்குப் பள்ளம் வெட்டுவது எனக்குக் கூடுதல் வேலை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ நினைத்தால் ஒரு கோடு.

தம்பி

—

மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்குக் கண்புரை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் அறுவை. பயப்பட ஒன்றுமில்லை. எனக்குத் தூக்கம் குறைவு, மற்றபடி நலம்.

நீ எழுதியதைப் படித்தேன். ஒரு கோடு இல்லை. அந்தத் திறப்பின் படம் இந்தக் கட்டடத்துக்கென்று வரைந்ததும் இல்லை. பதினொரு வருடத்துக்கு முன் நான் வரைந்த மாதிரித் தாள் அது. எங்கள் அலுவலகத்தின் எல்லாக் கட்டடங்களுக்கும் அதையே பிரதி எடுக்கிறோம். கம்பியை ஓடவிட்டால் குழாய்க்காரர்கள் வெட்டக் கூலி கேட்பார்கள். வெட்டிய முனை துருப்பிடிக்கும் என்று ஒருவர் சொல்வார். திறப்பை மூடிப் பாதுகாப்பது கட்டுகிறவர்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்று இன்னொருவர் சொல்வார். இவற்றில் எதுவும் பொய்யில்லை.

ஆனாலும் நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. சுற்றிலும் கூடுதல் கம்பி ஏற்கெனவே இருப்பதால், நடுவில் பிறகு வெட்டுவதால் பலம் குறையாது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் சொல்கிறேன்.

அதுவரை ஆணியை நெருக்கமாக அடி.

அக்கா

—

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் கண்ணுக்கு எந்தத் தேதி? கூட இருக்க முடியவில்லையே என்று இருக்கிறது. எனக்குத் தோள்பட்டை கொஞ்சம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஏழாவது தளம் முடிந்தது. கூட்டத்தில் என்ன ஆயிற்று? இரண்டு திங்கட்கிழமை போய்விட்டது. நேற்று ரேடியோவிடம் ஓட்டை விஷயத்தைச் சொன்னேன். "வரையறவங்க மேல ஏறி வந்து ஒரு நாள் பலகை தூக்கினா அன்னிக்கே மாத்திடுவாங்க அண்ணே" என்றான். நீ என் அக்கா என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதைப் பற்றி ஒரு வாரம் பேசியிருப்பான்.

எட்டாவது தளத்துக்குள் பதில் வந்தால் நல்லது.

தம்பி

—

ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. ஒரு வாரம் கறுப்புக் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கும் தூசியை எல்லாம் கண்டுபிடிக்கிறார். "இவ்வளவு நாளா இந்த வீட்டையா நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்?" என்கிறார். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். மாடிவீட்டுக்காரர்கள் காலி செய்கிறார்கள். அவர்கள் நாயை யாரிடம் விடுவது என்று மூன்று நாளாகப் பஞ்சாயத்து. உன் தோள்பட்டைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கனமான எதையும் ஒரே தோளில் தூக்காதே.

நீ கேட்ட விஷயம் கூட்டத்தில் பேசப்பட்டது. இப்போதைக்கு மாற்ற முடியாது.

உடம்பைக் கவனி.

அக்கா

—

மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் கண் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். ஐந்து வாரமாக எழுதாததற்கு மன்னித்துக்கொள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

மே 3 அன்று ஒன்பதாவது தளத்து ஓட்டையில் ரேடியோ விழுந்துவிட்டான். ஒரு மாடி உயரம்தான். கீழே பலகையைத் தாங்கும் இரும்பு முட்டுகள் அடுக்கியிருந்தன, அவற்றின்மேல் விழுந்தான். இடுப்பெலும்பு இரண்டாகிவிட்டது, முதுகெலும்பிலும் விரிசல். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். கால் வருமா என்பதைப் பிறகுதான் சொல்வார்களாம்.

மறுநாள் பத்தாவது தளத்தில் கான்கிரீட் போடுவதாக இருந்தது. சென்ட்ரிங்கில் ஓரிடத்துக்குப் பலகை தேவைப்பட்டது. அவன் எடுக்கப் போனான். நான் உனக்கு எழுதிய அதே மாதிரிதான் நடந்தது.

சிவப்பு பெயின்ட் பயன்படவில்லை. ஓட்டைப் பலகைகள் பழசானதும் வேறு போட்டு மூடிவிட்டு, அவற்றையே சென்ட்ரிங்குக்குப் போட்டுவிட்டோம். இரண்டு மாதத்தில் சைட்டில் பாதிப் பலகை சிவப்பு.

பாதுகாப்பு அதிகாரி விசாரணைப் படிவம் கொடுத்திருக்கிறார். "விபத்துக்கான காரணம்" என்ற இடத்தில் அவர்களே தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள்: தொழிலாளியின் கவனக்குறைவு. கீழே மேஸ்திரி கையெழுத்துப் போட வேண்டும். நான் இன்னும் போடவில்லை. போட்டால் அவனுக்கு நஷ்ட ஈடு கிடைப்பது கஷ்டம் என்று பேசிக்கொள்கிறார்கள். ஜூன் கடைசிக்குள் வேண்டுமாம்.

பத்தாவது, பதினொன்றாவது தளத்து ஓட்டைகளும் அப்படியேதான் இருக்கின்றன.

தம்பி

—

மே 29

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? உண்மையை எழுது. அம்மா நலம். கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இப்போது என் முகத்தையும் பார்க்கிறார். நான் வாசித்து முடித்ததும், "ரெண்டு பக்கம் எழுதியிருக்கான், அரை நிமிஷத்துல படிச்சிட்டே?" என்றார். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறான் என்றேன். அவர் நம்பவில்லை.

எதிலும் கையெழுத்துப் போடாதே.

ஒன்று கேட்க வேண்டும். நீ எதை எழுதினாலும் யார் என்ன சொன்னார்கள் என்று அவரவர் வார்த்தையோடு எழுதுகிறவன். ஆணி பற்றி ரேடியோ சொன்னதுகூட எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் யாரும் யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. பலகை எடுக்க அவன் தானாகப் போனானா? யாராவது அனுப்பினார்களா?

நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. விசாரணையில் முதலில் கேட்கப்போகும் கேள்வி இதுதான். இரண்டு நாளாக அலுவலகத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். எதிரே ஒரு கட்டடம் எழும்புகிறது. அதுவும் எங்கள் தாள்தான்.

அக்கா

—

ஜூன் 8

அக்கா,

தூக்கம் இல்லை. படுக்கையை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தேன், அறையையும் மாற்றினேன். மற்றபடி உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் சங்கடமாக இருக்கிறது.

ஆமாம், நான்தான் அனுப்பினேன். "டேய், கீழ ஒரு பலகை கிடக்கு பாரு, எடுத்துட்டு ஓடியா" என்றேன். மேலே பத்தாவது தளத்தின் விளிம்பிலிருந்து பார்த்தபோது அது வெறும் பலகையாகத்தான் தெரிந்தது. சிவப்பாக இருந்தது. எல்லாம் சிவப்பாக இருந்தது. ஒரு ஆணிதான் மிச்சம் போலிருக்கிறது, அவன் சுத்தியலால் நெம்பினான். ஏதோ பேசிக்கொண்டே நெம்பினான், நான் என் வேலைக்குத் திரும்பினேன். பிறகு சத்தம் நின்றுவிட்டது. நான் அவனைத் தேடவில்லை அக்கா. பலகை வரவில்லையே என்றுதான் முதலில் எட்டிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"எப்படிடா இருக்கே?" என்றேன்.

"இருக்கேன் அண்ணே."

அவன் வாயிலிருந்து நான் கேட்டதிலேயே சின்னப் பதில் அது. கொஞ்ச நேரம் கழித்து, "நான் பாத்திருக்கணும் அண்ணே" என்றான்.

"நான்தானே அனுப்பினேன்" என்றேன்.

"நீங்க பலகைதானே கேட்டீங்க. ஓட்டையையா கேட்டீங்க?" என்றான். என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

அவன் தப்பு தன்மேல் என்கிறான். நான் என்மேல் என்கிறேன். இரண்டு பேரும் மாறி மாறி அள்ளிப் போட்டுக்கொள்கிறோம். ஓட்டை அப்படியே இருக்கிறது.

இப்போது என் கேள்வி. நீயும்தான் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று கேலியோடு எழுதுகிறவள். லிஃப்ட் கட்டடத்துப் படிக்கட்டுக்கு அவ்வளவு எழுதினாய். கம்பி விஷயத்துக்கு ஒரு வரிதான். பக்கத்து மேசைக்காரர் என்ன சொன்னார்? தலைமைப் பொறியாளர் என்ன சொன்னார்? நாய்ப் பஞ்சாயத்து மட்டும் அரைப்பக்கம் இருக்கிறது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

—

ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலமாக இருக்கிறார். நான் அப்படி இல்லை, ஆனால் அது உடம்பால் இல்லை.

கூட்டத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் பேசவே இல்லை.

முதல் திங்கட்கிழமை, கையில் ஒரு சின்னப் படமும் வரைந்து எடுத்துப் போனேன். என் முறை வந்தபோது வேறொன்றைச் சொன்னேன். அடுத்த வாரம் படத்தையே எடுத்துப் போகவில்லை. பயம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். நிஜம் அதைவிடச் சிறியது. அது என் தாள். பதினொரு வருடமாக யாரும் அதில் ஒரு பிழை சொன்னதில்லை. இப்போது நானே மாற்றச் சொன்னால், இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று யாராவது கேட்பார்கள். யோசனை எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். சென்ட்ரிங் வேலை செய்கிற என் தம்பி சொன்னான் என்று அந்த அறையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னிடமே யாரிடமும் சொல்லாதே என்று எழுதியவள்தானே நான். அன்று அது உன் நன்மைக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தத் திங்கட்கிழமை பேசினேன். உன் மார்ச் 6 கடிதத்தின் அந்தப் பத்தியை, என் தம்பி எழுதியது என்று சொல்லியே, அப்படியே வாசித்தேன். கதவு மாதிரி, ஓரடி, எல்லாம். முடித்ததும், துருப்பிடிக்கும் என்று ஒருவர் சொன்னார். நான் எதிர்பார்த்த வரிசை தவறவில்லை. முடிந்ததும் தலைமைப் பொறியாளர் என்னைத் தனியே நிறுத்தினார்.

"உங்க தம்பி மாட்டிக்கிட்டாருங்கறதுக்காகவா இப்ப இவ்வளவு?"

"இல்லை சார். மார்ச்லயே எனக்குத் தெரியுங்கறதுக்காக."

"அதை வெளியில சொல்லணும்னு அவசியம் இல்லையே."

"எழுதிட்டேன் சார்."

எழுதியிருக்கிறேன். விசாரணை நடத்துகிறவர்களுக்கு நேற்று தபாலில் போட்டேன். திறப்பு இப்படி இருப்பது ஆபத்து என்று கட்டும் இடத்திலிருந்து மார்ச் மாதமே எனக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட்டது, வரைபடத்தை மாற்றும் பொறுப்பு என்னுடையது, நான் மாற்றவில்லை. இவ்வளவுதான், அரைப்பக்கம். பிரதி உள்ளே வைத்திருக்கிறேன். அம்மாவிடம் முழுதாக வாசித்தேன், இருபத்திரண்டு மாடியோடு. பிறகு, "அந்தப் பையனோட அம்மா இருக்காளா?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

புதிய தாளை இங்கே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கம்பி குறுக்கே ஓடும், நாலு அங்குல இடைவெளி. உங்கள் சைட்டுக்கு இந்த வாரம் வரும். "வரைந்தவர்" கட்டத்தில் என் பெயர்தான் இருக்கும். அதற்குப் பிறகு இந்தக் கட்டடம் என் கையில் இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது மதிய வேளைகளில் பழைய தாளில் எழும்பும் கட்டடங்களைப் பட்டியல் போடுகிறேன். இதுவரை பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் கடிதம்.

நீ எதில் கையெழுத்துப் போடுவது என்பதை இனி நான் சொல்வது சரியில்லை.

அக்கா

—

ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடாமல் போடு. பதினான்கு கட்டடத்துக்கு எழுத வேண்டுமானால் கண் வேண்டும். எனக்கு மூன்று நாளாகத் தூக்கம் வருகிறது.

உன் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் கோபமாக இருந்தேன். எழுத உட்கார்ந்தால் திட்டத்தான் வந்தது. போனாக இருந்தால் வைத்திருப்பேன். ஆனால் ரேடியோவை அனுப்பியதை நானும் உனக்கு ஒரு கடிதம் முழுக்க மறைத்தேன். அதனால் திட்டையும் பாதியாக்கிக்கொண்டேன்.

புதுத் தாள் வந்தது. பன்னிரண்டாவது தளத்தில் கம்பி குறுக்கே ஓடுகிறது. பெட்டியில் பள்ளம் வெட்டப் பெட்டிக்கு ஒன்றரை மணி நேரம் கூடுதல். ஆட்கள் வாய்க்கு வந்தபடி உன்னைத் திட்டுகிறார்கள். "எவன்யா இதை வரைஞ்சது?" என்றான் ஒருவன். "எவன் இல்ல, எவ. எங்கக்கா" என்றேன். அப்புறம் கொஞ்சம் குறைத்துத் திட்டுகிறார்கள். பதினொன்று வரைக்குமான பழைய ஓட்டைகளில், பலகைக்கு அடியில் இரும்பு வலை வைத்துத் தளத்தோடு போல்ட் போட்டாயிற்று. நான் இப்போது மேஸ்திரி இல்லை. வேறொருவருக்குக் கீழே பலகை அடிக்கிறேன். அதைப் பற்றி இன்னொரு சமயம்.

தட்டச்சு செய்த படிவத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, வெள்ளைத்தாளில் நானே எழுதினேன். கொடுப்பதற்கு முன்னால் ரேடியோவிடம் வாசித்துக் காட்டுவது முறை என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். இப்போது உட்கார வைக்கிறார்கள். வலது கால் விரல் அசைகிறது, இடது கால் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அம்மா பக்கத்தில் இருந்தார். நம் அம்மாவிடம் சொல்.

வாசித்தேன். முதல் காரணம், ஓட்டைக்குக் குறுக்கே கம்பி இல்லாதபடி வரையப்பட்டிருந்தது, மாற்றச் சொல்லியும் மாற்றப்படவில்லை. இரண்டாவது, மூடிய பலகையை எடுத்துவர மேஸ்திரி சொன்னார், எல்லாப் பலகையும் ஒரே நிறமாக இருக்க விட்டதும் அவர்தான். அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

"அப்ப நான் பாக்காம கால் வெச்சேனே, அது எங்க?" என்றான்.

"அது வேணாம்டா."

"போடுங்க அண்ணே. நான் பாக்கலதானே. நானும் அங்க இருந்தேன்ல."

அவன் அம்மா அவனை முறைத்தார். நான் பேனாவை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆனா கடைசியில போடுங்க" என்றான்.

மூன்றாவதாகப் போட்டேன் அக்கா. அதற்குக் கீழேதான் என் கையெழுத்து.

தம்பி